காம்பில் தொட்டால் மூளைக்குத் தெரிய வேண்டும்: பசுவில் பால் இறங்கும் நரம்புவழியும் கறவையின் வரிசையும், முழுமையான வழிகாட்டி

"மாடு பாலை அடக்குகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றில் மாட்டின் மேல் குற்றமில்லை. கறப்பவர் செய்யும் வேலைகள் ஒவ்வொன்றும் சரியாகவே இருக்கும். வரிசை மட்டும் பிசகியிருக்கும். மடியைக் கழுவிவிட்டு வாளி எடுக்க வீட்டுக்குள் போவார். கன்றை ஊட்டவிட்டுவிட்டு வாசலில் வந்தவரோடு பேசிக்கொண்டு நிற்பார். திரும்பி வந்து உட்கார்ந்தால் முதலில் கொஞ்சம் பால் வரும், பிறகு நின்றுவிடும். வேலூர் மாவட்டத்தில் குடியாத்தம், அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கம் இரண்டு மூன்று மாடுகளோடு புதிதாகப் பால் தொழிலுக்கு வருகிறவர்களிடம் நான் ஓயாமல் பார்ப்பது இதைத்தான்.

கலப்பினப் பசுவைக் கையால் கறப்பவரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எருமை, வெள்ளாடு, கறவை இயந்திரம் ஆகியவற்றில் மாறும் இடங்களைப் பின்னால் தனியாகச் சொல்லியிருக்கிறேன். முதல் பகுதியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம். மற்ற எல்லாப் படிகளுக்கும் காரணம் அங்கேதான் இருக்கிறது.

1. பால் எங்கே நிற்கிறது, செய்தி எந்த வழியாகப் போகிறது

கறவைக்கு முன் பசுவின் மடியிலுள்ள பாலில் ஏறத்தாழ 20 சதவீதம்தான் காம்புக்கு மேலுள்ள தேக்கத்திலும் பெரிய குழாய்களிலும் நிற்கிறது. மீதி 80 சதவீதம், திராட்சைக் கொத்துப்போல மடிக்குள் நிறைந்திருக்கும் நுண்ணறைகளிலும் அவற்றை ஒட்டிய மெல்லிய குழாய்களிலும் தங்கியிருக்கிறது. தேக்கத்துப் பால் காம்பை அழுத்தினாலே வரும். நுண்ணறைப் பால் அப்படி வராது. ஒவ்வொரு நுண்ணறையையும் சுற்றித் தசைபோல் சுருங்கும் செல்கள் இருக்கின்றன. அவை சுருங்கிப் பிழிந்து தள்ளினால்தான் அந்தப் பால் தேக்கத்துக்கு இறங்கும். கையின் பலத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அந்தச் செல்களைச் சுருக்குவது ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன். அதை வெளியே வரவழைப்பது காம்பிலிருந்து கிளம்பும் நரம்புச் செய்தி. தொடுதல், அழுத்தம், வெப்பம் ஆகியவற்றை உணரும் நரம்பு முனைகள் காம்பின் தோலில் செறிந்திருக்கின்றன. மடியின் உட்பகுதியில் அவை குறைவு. காம்பில் எழும் செய்தி, தொடை இடுக்கின் வழியே மேலேறும் கவட்டு நரம்பில் பயணித்து, இடுப்புப் பகுதியில் தண்டுவடத்துக்குள் நுழைகிறது. அங்கிருந்து தண்டுவடத்திலேயே ஏறி, மூளைத்தண்டைக் கடந்து, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸை அடைகிறது. அங்குள்ள இரண்டு நரம்புக் கூட்டங்களின் செல்கள்தாம் ஆக்ஸிடோசினைத் தயாரிக்கின்றன. அவற்றின் நீண்ட இழைகள் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியில் வந்து முடிகின்றன. செய்தி வந்ததும் அந்த முனைகளில் சேமித்து வைத்திருந்த ஆக்ஸிடோசின் இரத்தத்தில் கலக்கிறது.

இனிமேல் நரம்புக்கு வேலையில்லை. மேலே போவது நரம்பு வழி. கீழே வருவது இரத்த வழி. பாலைப் பிழியும் செல்களுக்கு மூளையிலிருந்து நேரடி நரம்பு கிடையாது. 1941இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஈலி, பீட்டர்சன் என்ற இருவர் பசுவின் மடியில் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை வெட்டிவிட்டுச் சோதித்தபோது, நரம்பில்லாத பாதியிலும் பால் இறங்கியது. மறு பாதியிலிருந்து போன செய்தியால் வெளிவந்த ஆக்ஸிடோசின், இரத்தத்தோடு இரண்டு பக்கமும் வந்து சேர்ந்ததே காரணம்.

இதிலிருந்து கறப்பவருக்குக் கிடைப்பவை மூன்று. முதலாவது, தூண்டுதல் காம்பில் நடக்க வேண்டும். மடியின் மேற்புறத்தில் எவ்வளவு தண்ணீர் அடித்தாலும் செய்தி பலமாகப் போகாது. இரண்டாவது, எந்தக் காம்பைத் தொட்டாலும் நான்கு காம்புக்கும் ஒரே நேரத்தில் பால் இறங்கும். ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததை அப்புறம் பார்க்கலாம் என்பது நடக்காது. மூன்றாவது, இரத்தத்தில் ஆக்ஸிடோசின் நெடுநேரம் தங்காது. சில நிமிடங்களுக்குள்ளேயே பாதியாகக் குறைந்துவிடும். நரம்புப் பயணம் நொடிக்கும் குறைவு. ஹார்மோன் இரத்தத்தில் கலந்து, இதயம் சுற்றி, மடிக்கு வந்து, செல்களைச் சுருக்கிப் பால் இறங்கத்தான் நேரமாகிறது. முதல் தொடுதலிலிருந்து சுமார் 40 நொடி முதல் 2 நிமிடம் வரை ஆகும்.

2. மாட்டைத் தொடும் முன்

முதல் தொடுதல் நடந்த கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. அதனால் தேட வேண்டியவற்றை எல்லாம் அதற்கு முன்பே தேடிவிடுங்கள்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: கழுவிக் கவிழ்த்து வைத்த பாத்திரம், ஒரு மாட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் சுத்தமான துணி, வெதுவெதுப்பான நீர், முதல் பாலைப் பீய்ச்சிப் பார்க்கக் கருப்புத் துணி கட்டிய குவளை, கறவைக்குப் பின் காம்பை நனைக்கும் அயோடின் கரைசல். முக்காலி வைத்துக்கொள்பவர்கள் அதையும் போட்டுவிடுங்கள். நகம் வெட்டியிருக்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்திருக்க வேண்டும்.

செல்பேசியை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நேரம் பார்க்கக் கொட்டகைச் சுவரில் ஒரு கடிகாரம் மாட்டினால் போதும். தொடக்கத்தில் அதைப் பார்த்தே கறக்கப் பழகுங்கள். மனக்கணக்கில் எல்லோருக்கும் அரை நிமிடம் ஒன்றரை நிமிடமாகத் தெரிகிறது.

சாணம் அள்ளுவது, கொட்டகையைக் கழுவுவது, பக்கத்து மாட்டை இடம் மாற்றிக் கட்டுவது எல்லாம் இதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். உலர்ந்த தீவனத்தைக் கறக்கும்போது உதறிப் போட்டால் தூசி பாலில் விழும்.

3. மாட்டை அமைதியாக நிறுத்துங்கள்

இந்தப் படியை மரியாதைக்காகச் செய்வதாக நினைப்பவர்கள் உண்டு. இது உடலியல். மாடு மிரண்டாலோ வலித்தாலோ அட்ரீனலின் என்ற வேறொரு ஹார்மோன் சுரக்கிறது. அது பாலை இரண்டு இடங்களில் மறிக்கிறது. மூளையில் ஆக்ஸிடோசின் வெளிவருவதே தடைப்படுகிறது. மடியில் இரத்தக் குழாய்களும் பால் குழாய்களும் இறுகுவதால், வந்து சேர்ந்த ஆக்ஸிடோசினும் முழுதாக வேலை செய்வதில்லை. மிரண்ட மாடு தெளிய 20 முதல் 30 நிமிடம் வரை ஆகலாம். மேலே சொன்ன ஆய்வாளர்கள் பசுவின் முதுகில் பூனையை உட்காரவைத்து, காகிதப் பைகளை ஊதி வெடித்துப் பார்த்தார்கள், பால் நின்றுபோனது.

நம் ஊர்ப் பக்கம் பூனை தேவையில்லை. தை மாதத்தில் எருது விடும் விழா நடக்கும் தெருவில் வீடு இருந்தால் போதும். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது வெடிக்கும் மேளத்துக்கும் நடுவே வழக்கமான நேரத்தில் கறக்க உட்கார்ந்துவிட்டு, பால் குறைந்ததற்குத் தீவனத்தின் மேல் பழி போடுகிறார்கள். இப்படிப்பட்ட நாளில் சத்தம் தொடங்கும் முன்பே கறந்துவிடுங்கள். முடியாவிட்டால் சத்தம் அடங்கி அரை மணி கழித்துக் கறங்கள். அன்று பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனால் பரவாயில்லை.

கறக்கும் இடத்தில் ஊசி போடுவது, சினை ஊசிக்கு நிறுத்துவது, காதுத்தோடு குத்துவது கூடாது. பார்ப்பதும் கேட்பதும்கூட ஹைபோதலாமஸுக்குச் செய்தி கொண்டுபோகின்றன. ஓர் இடத்தை வலியோடு சேர்த்து நினைவில் வைத்த மாடு, அங்கே வந்து நின்றதுமே பாலை அடக்கும்.

இதே பழக்கம் நமக்குச் சாதகமாகவும் வேலை செய்யும். தினமும் ஒரே ஆள், ஒரே நேரம், ஒரே வாளிச் சத்தம், ஒரே தட்டில் அடர்தீவனம் என்றிருந்தால், காம்பைத் தொடுவதற்கு முன்பே சில மாடுகளுக்குப் பால் இறங்கத் தொடங்கிவிடும். தீவனத் தட்டை முன்னே வைப்பதும், கழுத்தைத் தடவிப் பேர் சொல்லிக் கூப்பிடுவதும் இந்தப் படியில் சேரும்.

உதைக்கும் மாட்டுக்குப் பின்னங்காலில் அணைகயிறு போடுவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை இறுக்கி, மேலே ஓர் அடியும் கொடுத்துவிட்டுக் கறக்க உட்காருபவர், தன் பாலைத் தானே மேலே ஏற்றிவிடுகிறார்.

4. முதல் பாலைப் பீய்ச்சிப் பாருங்கள்

ஒவ்வொரு காம்பிலும் மூன்று நான்கு பீய்ச்சல்களைக் கருப்புத் துணிக் குவளையில் எடுங்கள். திரி, கட்டி, நீர்த்தன்மை, இரத்தம் ஏதேனும் தெரிந்தால் மடிநோய். அந்த மாட்டைக் கடைசியில் தனிப் பாத்திரத்தில் கறங்கள். தரையில் பீய்ச்சாதீர்கள்; கிருமி பரவும், ஈ மொய்க்கும்.

இந்தப் பீய்ச்சலுக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. நரம்புக்கு இதுதான் முதல் பலமான தூண்டுதல். துணியால் மெல்ல ஒற்றுவதைவிட விரலின் அழுத்தம் பலமான செய்தியை அனுப்பும். காம்பு அழுக்காக இருந்தால் ஒருமுறை துடைத்துவிட்டுப் பீய்ச்சுங்கள். கடிகாரத்தைப் பார்க்க வேண்டியது இப்போதுதான்.

5. கழுவித் துடைத்து, காம்பைத் தூண்டுங்கள்

மடி முழுவதையும் குளிப்பாட்ட வேண்டியதில்லை. மேலிருந்து வழியும் அழுக்கு நீர் காம்பு நுனியில்தான் வந்து சேரும். காம்புகளை மட்டும் வெதுவெதுப்பான நீரில் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் போடுகிறவர்கள் வெளிர் இளஞ்சிவப்பு நிறம் வரும் அளவுக்கு மட்டும் போடுங்கள். அடர்ந்த ஊதாக் கரைசல் தோலை வெடிக்க வைக்கும். வெடித்த காம்பு வலிக்கும். வலித்தால் என்ன ஆகும் என்று மூன்றாம் பகுதியில் பார்த்துவிட்டோம். மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீர் ஊற்றி, மாடு துள்ளுகிறதே என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில்.

எத்தனை நேரம் தூண்டுவது? மடி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. நிறைமடியாக இருந்தால் பீய்ச்சல், துடைத்தல் எல்லாம் சேர்த்து 20 முதல் 30 நொடி கை பட்டால் போதும். மடி அரைகுறையாக இருந்தால் பால் இறங்கவே நேரம் பிடிக்கும். 60 முதல் 90 நொடி வரை காம்பைத் தடவி, மெல்ல உருட்டிக்கொண்டிருக்க வேண்டும். நுண்ணறைகள் நிரம்பாதபோது அவை வெகுநேரம் சுருங்கிய பிறகுதான் பால் நகரத் தொடங்கும்.

நம் பக்கத்தில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். காலை 5 மணிக்கும் பிற்பகல் 3 மணிக்கும் கறப்பவரின் மாடு, இரவில் 14 மணி நேரமும் பகலில் 10 மணி நேரமும் பால் சேர்க்கிறது. பிற்பகலில் மடி அவ்வளவு நிறைந்திருக்காது. ஆகவே காலையைவிடப் பிற்பகலில்தான் அதிக நேரம் தூண்ட வேண்டும். நடப்பதோ நேர்மாறு: சங்கத்தில் பால் வாங்கும் நேரம் நெருங்குகிறது, வெயில் கொளுத்துகிறது என்று பிற்பகலில் தண்ணீரை விசிறிவிட்டு உடனே கறக்க உட்காருகிறார்கள். கன்று ஈன்று ஏழெட்டு மாதமான, கறவை வற்றிவரும் மாட்டுக்கும் இதே கணக்குதான். அதற்கும் கூடுதல் தூண்டுதல் வேண்டும்.

6. இறங்கிவிட்டதா என்று பாருங்கள்

முதல் தொடுதலிலிருந்து 60 முதல் 90 நொடிக்குள் கறவையைத் தொடங்குவது பெரும்பாலான பசுக்களுக்குப் பொருந்தும். காம்பின் சுருக்கம் மறைந்து, தோல் விம்மி, விரலுக்குத் திமிறலாகத் தெரிவது நல்ல அடையாளம். சில மாடுகளில் பால் தானே சொட்டும். பல மாடுகள் அசை போடத் தொடங்கும். பின்னங்காலை அகட்டி நிற்கும்.

அவசரப்பட்டால் தேக்கத்திலுள்ள பால் முதலில் தீர்ந்துவிடும். நுண்ணறைப் பால் வருவதற்குள் காம்பு வெறுமையாகிவிடும். வெறும் காம்பை இழுத்தால் உட்சுவர் உரசி வலிக்கும். நீங்கள் அவசரப்பட்டீர்களா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: பால் தாரை முதலில் தடித்து, நடுவில் மெலிந்து, மறுபடி தடித்தால் சீக்கிரம் தொடங்கியிருக்கிறீர்கள். தொடக்கம் முதலே ஒரே சீராகத் தடித்த தாரையாக வந்தால் நேரம் சரி.

தாமதமும் கெடுதல்தான். இறங்கிய பாலைக் கறக்காமல் விட்டால் ஆக்ஸிடோசின் வீணாகக் குறைந்துகொண்டே போகும். இரண்டு மாடுகளையும் கழுவி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகக் கறப்பவர்களுக்கு இரண்டாவது மாடு எப்போதும் மோசமான மாடு. ஒன்றைக் கழுவி, கறந்து, முடித்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போங்கள்.

7. நிறுத்தாமல் கறங்கள்

கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் காம்பு மடியோடு சேரும் இடத்தை மூடி, பால் மேலே போகாமல் தடுத்து, மற்ற விரல்களை மேலிருந்து கீழாக வரிசையாக மூடுவது முழுக்கைக் கறவை. அழுத்தம் மட்டும்தான், இழுப்பு கிடையாது. கட்டைவிரலை மடித்து உள்ளே வைத்துக் காம்பை நெரிப்பது கறவைக்காரர்களிடம் பரவலாக உள்ள வழக்கம். கை வலிக்காது என்பார்கள். மாட்டுக்கு வலிக்கும், காம்பின் உட்புறம் தழும்பேறும். இரண்டு விரலால் உருவுவது, முழுக்கையில் அடங்காத சின்னக் காம்புக்கும் கடைசிப் பாலுக்கும் மட்டும்.

வாளிப் பாலில் விரலை நனைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். ஒரு காம்பின் கிருமியை நான்கிற்கும் கொண்டுபோவது அதுதான். கை வறண்டால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் போதும்.

ஐந்து முதல் ஏழு நிமிடத்துக்குள் முடிக்கப் பாருங்கள். கை காம்பில் ஓடிக்கொண்டிருக்கும்வரை நரம்புச் செய்தியும் போய்க்கொண்டிருக்கும். ஆக்ஸிடோசினும் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருக்கும். எழுந்துபோனால் இரண்டும் நிற்கும். திரும்பி வந்து தூண்டினால் இரண்டாம் முறை பெரும்பாலும் முதல் முறையைப் போல இறங்காது. கறவையின் நடுவில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதீர்கள்.

எந்தக் காம்பில் தொடங்குவது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. பின்மடியில்தான் பால் அதிகம், பத்தில் ஆறு பங்கு அளவுக்கு. அதனால் பால் வேகம் நன்றாக இருக்கும்போதே பின் காம்புகளை எடுத்துவிடச் சொல்வேன். பத்து லிட்டருக்கு மேல் ஒரே வேளையில் கறக்கும் மாட்டைக் கைபழகாத ஒருவர் தனியாக ஏழு நிமிடத்தில் முடிக்க முடியாது. எதிரெதிராக இருவர் உட்காருங்கள், அல்லது இயந்திரத்தை யோசியுங்கள்.

8. கடைசிப் பால், காம்பு நனைத்தல்

முதல் பீய்ச்சலில் கொழுப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான் இருக்கும். கடைசிப் பாலில் அது பல மடங்கு ஏறியிருக்கும். ஆவினுக்கு ஊற்றும் சங்கங்களில் கொழுப்பையும் இதரத் திடச்சத்தையும் பார்த்துத்தான் விலை. பால் சரியாக இறங்காத மாட்டில் நீங்கள் இழப்பது அளவை மட்டுமல்ல. விலையின் பெரும்பகுதி மடிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. மிஞ்சிய பால், நுண்ணறைச் செல்களுக்குச் சுரப்பைக் குறைக்கச் சொல்லும் அடையாளமாகவும் ஆகிறது. சில வாரம் இப்படியே போனால் மாடு உண்மையாகவே குறைந்த பால் மாடாகிவிடும்.

நன்றாகக் கறந்த மடியிலும் பத்தில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம் இருக்கும். அது இயல்பு. அதை எடுக்கிறேன் என்று கால் மணி நேரம் உருவுவதால் காம்பு புண்ணாவதுதான் மிச்சம்.

கறந்ததும் காம்பு நுனியை அயோடின் கரைசலில் நனையுங்கள். நுனித்துளையின் தசை மூடிக்கொள்ள அரை மணி நேரம் வரை ஆகும். அதுவரை மாடு படுக்காதபடி பசுந்தீவனத்தை முன்னே போடுங்கள்.

9. கன்றை வைத்தா, கன்று இல்லாமலா

காம்பைத் தூண்டுவதில் கன்றின் வாய்க்கு நிகரான கை இல்லை. சூடு, ஈரம், உறிஞ்சல், முட்டல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. அதோடு கன்றின் வாசனையும் குரலும் தனி வழியில் மூளைக்குப் போகின்றன. ஆனால் எப்படிச் செய்தாலும் ஒரே முறையில் செய்யுங்கள். கன்று ஊட்டிக் கறப்பதென்றால், நான்கு காம்பிலும் வாய் வைக்கவிட்டு, பால் இறங்கியதும் பிடித்துத் தாயின் முகத்தருகே கட்டுங்கள், நக்கிக்கொண்டு நிற்கட்டும். கன்றில்லாமல் கறப்பதென்றால், ஈன்ற நாளிலிருந்தே பிரித்து, சீம்பாலைக் கறந்து புகட்டுங்கள். மூன்று மாதம் ஊட்டிவிட்டுத் திடீரென்று நிறுத்தும்போதுதான் மாடு பாலை அடக்குகிறது. கலப்பினப் பசுக்கள் கன்றில்லாக் கறவைக்குச் சீக்கிரம் பழகும். நாட்டு மாடுகள் அவ்வளவு எளிதில் இசையாது.

கன்று இறந்துபோனால் அதன் தோலில் வைக்கோல் அடைத்து முன்னால் வைக்கும் பழைய வழக்கம், வாசனையாலும் பார்வையாலும் அதே மூளைப் பகுதியைத் தொடுகிறது. வேலை செய்யும்தான். ஆனால் நோயால் இறந்த கன்றென்றால் அந்தத் தோலைக் கொட்டகைக்குள் கொண்டுவர வேண்டாம். கைத்தூண்டலுக்கும் தீவனத் தட்டுக்கும் மாட்டைப் பழக்குவதே நல்லது. பழகும்வரை பொறுமை வேண்டும்.

10. சந்தையில் வாங்கிய மாடு, தலையீற்று மாடு

வேலூரை அடுத்த பொய்கை மாட்டுச் சந்தையில் செவ்வாய்க்கிழமை வாங்கி ஏற்றிவந்த மாடு, அன்று மாலை விற்றவர் சொன்ன பாலைக் கொடுக்காது. அவர் சொன்னது உண்மையாக இருந்தாலும் கொடுக்காது. புது இடம், புது ஆள், வண்டிப் பயணம் எல்லாம் சேர்ந்து மூளையிலேயே ஆக்ஸிடோசினைத் தடுக்கின்றன. முதல் சில நாட்களுக்கு ஒரே ஆள் கறங்கள். பழைய இடத்தில் கன்று ஊட்டினார்களா, கறக்கும்போது என்ன தீவனம் வைத்தார்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்து கறந்தார்கள் என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அதையே தொடருங்கள், மாற்றங்களைப் பிறகு ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

சந்தையில் மடியின் பெருக்கத்தைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஒருவேளை கறக்காமல் நிறுத்திக் கொண்டுவந்தாலும் மடி பெருக்கும். முடிந்தால் விற்பவரின் வீட்டிலேயே அடுத்தடுத்த இரண்டு வேளைக் கறவையைக் கூட இருந்து பாருங்கள்.

தலையீற்று மாட்டுக்குக் காம்பில் கை படுவதே புது அனுபவம். ஈனும் நாளுக்குச் சில வாரம் முன்பிருந்தே தினமும் மடியையும் தொடையையும் தடவிப் பழக்குங்கள். பாலைப் பீய்ச்ச வேண்டாம். கை பட்டால் போதும். ஈன்ற பின் மடி நீர்கோத்து வீங்கியிருக்கும்போது மெதுவாகக் கறங்கள். முதல் கறவைகளில் அடிவாங்கிய கிடேரி அந்த ஈற்று முழுவதும் உதைக்கும்.

11. எருமை, வெள்ளாடு, இயந்திரம்

எருமையில் தேக்கத்துப் பால் 5 சதவீதம் அளவுக்குத்தான். ஏறக்குறைய எல்லாப் பாலும் நுண்ணறையில் இருப்பதால் பால் இறங்காமல் ஒன்றுமே வராது. காம்பு நுனியும் இறுக்கம். தூண்டலுக்கு இரண்டு மூன்று நிமிடம், சிலவற்றுக்கு அதற்கு மேலும் கொடுங்கள். ஆள் மாறினால் பசுவைவிட எருமைக்குத்தான் அதிகம் பிடிக்காது.

வெள்ளாடு இதற்கு நேர் எதிர். அதன் தேக்கத்திலேயே பாதிக்கு மேல் பால் நிற்கும், உட்கார்ந்ததும் வரும். துடைத்துவிட்டுக் கறக்கலாம், கடைசியில் மடியை மெல்ல ஏந்தித் தடவினால் மீதியும் வரும்.

இயந்திரத்தில் நேரக்கணக்கு இன்னும் கறாராக இருக்க வேண்டும். பால் இறங்கும் முன் இயந்திரத்தின் கிண்ணத்தைக் காம்பில் மாட்டினால் அது மேலேறி, காம்பு மடியோடு சேரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். பால் நின்ற பின்னும் விட்டுவைத்தால் காம்பு நுனி தடித்துப்போகும். மோட்டார்ச் சத்தத்துக்கு மாட்டைச் சில நாள் முன்பே பழக்குங்கள்.

12. அப்படியும் இறங்காவிட்டால்

இந்த வரிசையில் பாருங்கள். நான்கு காம்பிலும் இறங்கவில்லையா, ஒரே ஒரு காம்பில் மட்டுமா? ஹார்மோன் இரத்தத்தில் நான்குக்கும் சேர்ந்துதான் வரும். ஒரு காம்பில் மட்டும் வராவிட்டால் காரணம் நரம்பில் இல்லை. அந்தக் காம்பில் அடைப்போ, புண்ணோ, மடிநோயோ இருக்கிறது. அடைப்பை எடுக்கக் குச்சியோ ஊசியோ விடாதீர்கள்.

நான்கிலும் என்றால், அன்று எது மாறியது என்று யோசியுங்கள்: ஆள், நேரம், இடம், தீவனம், கன்று, நாய், வெடிச்சத்தம். மாடு காளைக்குக் கத்துகிற நாளாகவும் இருக்கலாம். அன்று பால் குறைவது வழக்கம். எழுந்து வந்துவிட்டு அரை மணி கழித்து, முதல் தொடுதலிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தொடர்ந்து இழுப்பதால் பயனில்லை.

அதற்கும் இறங்காவிட்டால் அடுத்தவர் சொல்வது ஆக்ஸிடோசின் ஊசி. நரம்பு வழி முழுவதையும் தாண்டி, ஹார்மோனை நேராக இரத்தத்தில் விடுவதுதான் அது. தலையீற்று மாடு, கன்றை இழந்த மாடு என்று சில இடங்களில் மருத்துவர் அளவு பார்த்துப் போடுவது சிகிச்சை. தினமும் இருவேளை தானே போட்டுக்கொள்வது வேறு விஷயம். தொடர்ந்து போட்டால், ஊசி இல்லாமல் பால் இறங்குவது குறைந்து, மாடு அதையே எதிர்பார்க்கும் நிலைக்கு வந்துவிடும். சினைமாட்டில் கருப்பையும் சுருங்கும். பால் பெருக்க மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான ஊசி போடுவதும் பிறப்புறுப்பு வழியாகக் காற்றூதுவதும் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றம். இரண்டாண்டு வரை சிறையும் உண்டு, மாடும் பறிமுதலாகும்.

மடியில் சூடு, வீக்கம், பாலில் திரி, காய்ச்சல், தீனி எடுக்காமை இவற்றில் ஒன்று தெரிந்தாலும், ஈன்ற மாடு எழ முடியாமல் கிடந்தாலும் பால் இறக்கும் முயற்சியை அங்கேயே நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். அரசு கால்நடை ஆம்புலன்ஸுக்கு 1962 என்ற எண். அழைக்கும்போது கடைசியாக எப்போது கறந்தீர்கள், எந்தக் காம்பில் எவ்வளவு வந்தது, இதற்கு முன் ஊசி ஏதேனும் போட்டீர்களா என்ற விவரங்களைத் தயாராக வைத்திருங்கள்.